என் பேர் இல்லாத கட்டுரை

பாத்தீங்களா தம்பி, டிரைவர் இன்ஜினை நிறுத்தினதும் முழிச்சுட்டீங்க. நீங்க மட்டும் இல்ல, திரும்பிப் பாருங்க, பஸ் பூரா முழிச்சு உக்காந்திருக்கு. கிருஷ்ணகிரி தாண்டினதுல இருந்து வண்டி தடதடன்னு ஆடிக்கிட்டே வந்துச்சு. ஹாரனை விடாம அடிச்சான், ஒருத்தரும் அசையல. நிறுத்தினான், அத்தனை பேருக்கும் முழிப்பு வந்துடுச்சு. இந்தச் சமாசாரம் இருக்கே, இதுக்குத்தான் தம்பி ஆயிரத்து எண்ணூறு சைட்டேஷன்.

ஒண்ணும் பயப்படாதீங்க, தொப்பூர் இறக்கத்துல லாரி கவுந்து கிடக்காம். கண்டக்டர் இப்பத்தான் சொல்லிட்டுப் போனாரு. கிரேன் வந்து எடுத்தாத்தான் வழியாம். ஆகும், ஒரு மணி நேரம் ஆகும். முறுக்கு சாப்பிடுறீங்களா? மணப்பாறை முறுக்கு. ஒருத்தருக்குன்னு ரெண்டு பொட்டலம் வாங்கினேன், ஒண்ணுதான் குடுத்தேன். ஏன் குடுக்கலன்னு சொல்றேன்.

நீங்க என்ன பண்றீங்க? போர்வெல் வண்டியா? திருச்செங்கோடா, சரி சரி. சேலத்துல இறங்கி மாறணும் நீங்க. நான் திருச்சி வரைக்கும் போகணும். நாளைக்குக் காலைல பதினோரு மணிக்கு நான் அங்க இருந்தாகணும்.

என் பேரு ஞானசுந்தரம். பேராசிரியர் ஞானசுந்தரம். நரம்பியல். ஊசி போடுற டாக்டர் இல்ல, எல்லாரும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு முதுகுவலியைச் சொல்ல ஆரம்பிச்சுடுவாங்க. நான் ஆராய்ச்சி. மூளை எப்படி வேலை செய்யுதுன்னு ஆராய்ச்சி. முப்பத்தோரு வருஷம் யுனிவர்சிட்டில சர்வீஸ், இருநூத்திப் பதினோரு கட்டுரை. தமிழ்நாட்டுல வேற யாருக்கு இருக்குன்னு காட்டுங்க பாப்போம். தலைப்பெல்லாம் மனப்பாடமா சொல்லுவேன். வேண்டாம், நீங்க முறுக்கைச் சாப்பிடுங்க.

சைட்டேஷன்னா என்னன்னு கேக்குறீங்க. நல்லா கேட்டீங்க. நான் ஒரு கட்டுரை எழுதறேன். அமெரிக்காவுல ஒருத்தன் அதைப் படிச்சுட்டு, தன்னோட கட்டுரைல, 'இந்த மாதிரி ஞானசுந்தரம் சொல்லிருக்காரு'ன்னு ஒரு வரி எழுதறான். அது எனக்கு ஒரு சைட்டேஷன். எத்தனை பேர் அப்படி எடுத்துச் சொல்றாங்களோ அத்தனை. கம்ப்யூட்டரே எண்ணி உலகம் பூரா போட்டுக் காட்டிடும். எங்க பொழப்புல அதுதான் மரியாதை. நீங்க எத்தனை அடி தோண்டினீங்கன்னு யாரு கேக்குறா? தண்ணி வந்துச்சான்னுதானே கேப்பாங்க. அந்த மாதிரி.

எனக்கு மூவாயிரத்து நானூறு இருந்துச்சு தம்பி. போன தீபாவளி வரைக்கும் இருந்துச்சு.

எப்படி வந்துச்சுன்னா, மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. என்கிட்ட ஆராய்ச்சி பண்ற பசங்களுக்கு ஒரு சட்டம் வச்சிருந்தேன். எந்தக் கட்டுரை எழுதினாலும் முதல் பாராவுலயே என்னோட பழைய கட்டுரை பத்தையாவது எடுத்துச் சொல்லணும். எலி பத்தி இருந்தாலும் சரி, தவளை பத்தி இருந்தாலும் சரி. அப்புறம் கோயமுத்தூர்ல எனக்கு ஒரு நண்பர், ஆந்திராவுல ஒருத்தர். நான் அவங்களை எடுத்துச் சொல்லுவேன், அவங்க என்னை. நம்ம கல்யாணத்துல மொய் வைக்கறதில்லையா? நீங்க எனக்கு வச்சீங்க, நான் உங்க வீட்டு விசேஷத்துல திருப்பி வைக்கறேன். அதை யாராவது திருட்டும்பாங்களா? மூணு குடும்பமும் நல்லா இருந்துச்சு.

இப்ப புதுசா ஒரு துணைவேந்தர் வந்திருக்காரு. சின்ன வயசு, ஐம்பது கூட இருக்காது. ரிட்டயர் ஆகறவங்கள்ல நல்ல ஆராய்ச்சியாளரா ரெண்டு பேருக்குத் தகைசால் பேராசிரியர்னு பதவி குடுப்பாங்க. அஞ்சு வருஷம் அதே அறைல இருக்கலாம், பசங்களை வச்சுக்கலாம். எப்பவும் சீனியாரிட்டிதான். இந்த ஆளு என்ன பண்ணாருன்னா, 'வெளியாள் எடுத்துச் சொன்னதை மட்டும் எண்ணுங்க. சொந்த மாணவன், சொந்தக் கூட்டாளி, தானே தன்னைச் சொன்னது, எல்லாத்தையும் கழிச்சுடுங்க. ஐநூறு இருந்தாத்தான் விண்ணப்பமே வாங்கணும்'னுட்டாரு.

கழிச்சாங்க தம்பி. மூவாயிரத்து நானூறுல கழிச்சு கழிச்சு, கடைசில நூத்திப் பத்தொம்பது.

பத்தாயிரம் ரூபா சம்பளக் குறைப்புன்னா கூட நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். அந்த அறை இருக்கே. நடையோட கோடில இருக்கு, வாசல்ல பித்தளைல என் பேரு. காலைல நான் நடந்து போனா பேசிக்கிட்டு நிக்கிற பசங்க பேச்சை நிறுத்திட்டு சுவரோரமா ஒதுங்குவாங்க. வீட்ல எனக்கு யாரு ஒதுங்குவா? என் பொண்டாட்டி, 'டி.வி. மறைக்குது, தள்ளி உக்காருங்க'ம்பா. வர்ற மாசக் கடைசில சாவியைக் குடுத்துட்டு, நான் எங்க தம்பி போய் உக்காருவேன்? இத்தனை நாள் படிச்சதெல்லாம் தலைல வச்சுக்கிட்டு டி.வி.க்கு முன்னாடியா?

அப்பத்தான் கோகிலாவை நினைச்சேன். நினைச்சேன்னு சொல்றது தப்பு, ஒன்பது வருஷமா மறக்க முடியல. கோகிலவாணி. என் மாணவி. பள்ளிபாளையத்துப் பொண்ணு, உங்க ஊருப் பக்கந்தான். அப்பா எட்டுத் தறி போட்டு ஓட்டிக்கிட்டிருந்தவரு. அந்தப் பொண்ணு என்கிட்ட சேந்தப்ப, 'சரிங்க சார்', 'இல்லீங்க சார்' தவிர வேற வார்த்தை வராது. நான் எலி ஆராய்ச்சி குடுத்தேன். எலியைத் தூங்க விடாம வச்சா அதோட ஞாபகசக்தி என்ன ஆகுதுன்னு. நல்ல ஆராய்ச்சி. அந்த வரிசைல மட்டும் எனக்கு நாப்பது கட்டுரை இருக்கு.

ரெண்டாவது வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைல எல்லா மாணவரும் கூடி உக்காந்து அவங்கவங்க வேலையைச் சொல்லணும். இவ எந்திரிச்சு, 'சார், தறிச் சத்தத்துலயே தூங்கிப் பழகினவங்க, தறி நின்னதும் முழிச்சுக்கறாங்க. சத்தம் கேட்டு முழிச்சா சரிங்க சார். இல்லாத சத்தத்தை மூளை எப்படிங்க சார் கேக்குது? நான் எங்க ஊர்ல போய் அதைப் பதிவு பண்ணிப் பாக்கறேனே'ன்னா.

நான் சிரிச்சேன். நான் சிரிச்சா கூட்டமே சிரிக்கும். 'ஏம்மா, இதைப் பள்ளிபாளையத்துல பால் ஊத்தற ஆளைக் கேட்டாலே சொல்லுவானே, இதுக்கு எதுக்கும்மா ஆராய்ச்சி?'ன்னேன். நீங்களே சொல்லுங்க, சரியாத்தானே கேட்டேன்? உங்க ஊருல தெரியாதா இது? தெரியும்ல? எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். அதைத்தான் சொன்னேன்.

அவ உக்காந்துட்டா. எலி வேலையை ஒழுங்கா செஞ்சா. ஆனா லீவு நாள்ல ஊருக்குப் போறப்பெல்லாம், ஈரோட்டுல ஒரு ஆஸ்பத்திரில ஓரங்கட்டி வச்சிருந்த பழைய மெஷின், மூளைல ஓடற கரண்ட்டைப் பதிவு பண்ற மெஷின், அதை இரவல் வாங்கிக்கிட்டுப் போய், தறிக்கூடத்துக்குப் பக்கத்துல தூங்கறவங்க தலைல ஒயரை ஒட்டி ஒட்டிப் பதிவு பண்ணிருக்கா. ஷிப்ட்டு முடிச்சுப் பகல்ல தூங்கறவங்க, புள்ளைங்க, கிழவிங்க. ரெண்டு வருஷம். எனக்குத் தெரியாது. என் டிபார்ட்மென்ட்டுல எனக்குத் தெரியாம ஒண்ணு நடந்திருக்கு.

ஒருநாள் முழுக் கட்டுரையோட வந்து நிக்கறா. அவ பேரு முன்னாடி, என் பேரு கடைசில.

அதாவது எங்க டிபார்ட்மென்ட்டுல வழக்கம் அது. யாரு எழுதினாலும் கைடு பேரு கடைசில வரும். உலகம் பூரா அப்படித்தான். பசங்க எழுதிக்கிட்டு வருவாங்க, நான் தலைப்பைப் பாப்பேன், என் பேரு சரியா இருக்கான்னு பாப்பேன், கையெழுத்துப் போடுவேன். அத்தனை கட்டுரையையும் உக்காந்து படிச்சுக்கிட்டிருந்தா வேற வேலை யாரு பாக்கறது? ஆனா இதுல தலைப்பைப் பாத்ததுமே எனக்கு ரத்தம் தலைக்கேறிடுச்சு. நான் வேண்டாம்னு சொன்ன அதே தறி. பசங்க பத்துப் பேரு சுத்தி நிக்கறாங்க. 'என் பேரை எடு. இதுல என் பேரு இருந்தா எனக்கு அசிங்கம்'னுட்டேன்.

ஏன் சொன்னேன்? அவ நல்லதுக்குத்தான். என் பேரு இல்லாம எங்க டிபார்ட்மென்ட்டுல இருந்து ஒரு கட்டுரையும் வெளிய போனதில்ல. பேரை எடுன்னா பசங்களுக்கு முகம் செத்துப் போயிடும். ரெண்டு நாள் பொறுத்து அழுதுக்கிட்டே வருவாங்க, 'சார், மன்னிச்சுடுங்க, நீங்க சொன்னதையே பண்றேன்'பாங்க. எல்லாரும் வந்திருக்காங்க. இவளும் வருவான்னு நினைச்சேன்.

இவ என்ன சொன்னா தெரியுமா? 'சரிங்க சார்'. அவ்வளவுதான். எடுத்துட்டா.

எடுன்னா எடுத்துடறதா தம்பி? பெத்த அப்பன் கோவத்துல வீட்டை விட்டு வெளிய போடான்னு சொல்றான். புள்ளை பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போயிடுவானா? வாசல்ல நிப்பான், கொல்லைப்பக்கமா வந்து அம்மாகிட்ட சோறு கேப்பான். அதுதானே பழக்கம்? இவ ஒத்தைப் பேரா போட்டு லண்டன்ல ஒரு பத்திரிகைக்கு அனுப்பிட்டா. அவங்களும் போட்டுட்டாங்க. கடைசி வருஷம் முழுக்க என் முன்னாடி வந்து 'வணக்கங்க சார்'னு சொல்லிட்டு, பட்டத்தை வாங்கிக்கிட்டுப் போயிட்டா.

அந்தக் கட்டுரைக்கு முதல் வருஷம் நாப்பது சைட்டேஷன். அடுத்த வருஷம் நூத்தி எண்பது. இன்னைக்கு மொத்தம் ஆயிரத்து எண்ணூறு. ஜெர்மனில எடுத்துச் சொல்றான், ஜப்பான்ல எடுத்துச் சொல்றான், காது கேக்காதவங்க ஆராய்ச்சில சொல்றான், விமானத்துல வேலை செய்யறவங்க தூக்கத்தைப் பத்தி எழுதறவன் சொல்றான். ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி நான் என் கணக்கைப் பாப்பேன், அப்புறம் அவ கணக்கைப் பாப்பேன். தினமும். என் பொண்டாட்டி, 'யாரோட மார்க்கு அது?'ன்னு கேப்பா.

டெல்லில ஒரு மாநாடு. ஒரு ஜப்பான்காரரு என் சட்டைல குத்தியிருந்த அட்டையைப் படிச்சுட்டு, 'ஓ, கோகிலவாணி டிபார்ட்மென்ட்டா?'ன்னு இங்கிலீஷ்ல கேட்டாரு. கோகிலவாணி டிபார்ட்மென்ட்டாம். நான் கட்டின டிபார்ட்மென்ட்டு. 'நான்தான் அவளோட கைடு'ன்னேன். அந்த ஆளு போனை எடுத்து அந்தக் கட்டுரையைத் திறந்து பாத்துட்டு, 'உங்க பேரு இதுல இல்லையே'ன்னாரு. குனிஞ்சு வேற கும்பிடறாரு. நான் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூட நிக்கல.

சரி, விஷயத்துக்கு வர்றேன். வெளியான கட்டுரைல விட்டுப்போன பேரை அப்புறமும் சேக்கலாம் தம்பி. அதுக்கு வழி இருக்கு. எழுதினவங்க ஒத்துக்கிட்டு, 'இவரும் இதுல பங்கு, விட்டுப்போச்சு'ன்னு பத்திரிகைக்கு எழுதினாப் போதும். அவ ஒத்தைப் பேரு. அவ ஒருத்தி சரின்னா ஆயிரத்து எண்ணூறும் எனக்கும் ஏறிடும். நூத்திப் பத்தொம்பது எங்க, ஆயிரத்துத் தொள்ளாயிரம் எங்க. அவ எழுதி அனுப்பினதோட நகலைக் காட்டினாலே நாளைக்கு அந்தப் பதவிக்கு ஆள் எடுக்கற கமிட்டில வாயைத் திறக்க மாட்டாங்க. அதுக்குத்தான் பெங்களூர் போனேன். ஒரு பேராசிரியர் தன் மாணவியைத் தேடிப் போறது வழக்கமில்ல. போனேன்.

பெரிய ஆராய்ச்சி நிலையம். வாசல்ல செக்யூரிட்டி போன் பண்ணதும் அவளே கீழ இறங்கி ஓடி வந்துட்டா. 'வாங்க சார், சொல்லிருந்தா வண்டி அனுப்பிருப்பேனே சார்'னா. தலைல கொஞ்சம் நரை விழுந்திருக்கு. மேல கூட்டிட்டுப் போய் அவ மாணவங்ககிட்ட, 'இவர்தான் என் கைடு'ன்னா. எல்லாரும் எந்திரிச்சுட்டாங்க. ஒரு பையன், மலையாளத்துப் பையன் போல, 'ஓ, அந்த சாரா!'ன்னு சிரிச்சுக்கிட்டே கை குடுத்தான். இன்னொரு பொண்ணு செல்பி எடுத்துக்கிச்சு. சரி, நம்ம பேரு இங்கயும் தெரிஞ்சிருக்குன்னு எனக்கு ஒரு பெருமை. இருநூத்திப் பதினொண்ணுல ஏதாவது படிச்சிருப்பாங்கன்னு நினைச்சேன்.

கேன்டீன்ல உக்காத்தி வச்சு சாப்பாடு வாங்கித் தந்தா. மோர் ஊத்திச் சாப்பிடறப்ப விஷயத்தைச் சொன்னேன். கெஞ்சல தம்பி. 'ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு, அதைச் சரி பண்ணணும்'னேன்.

கோவிச்சுப்பான்னு நினைச்சேன். இல்ல, அழுவான்னு நினைச்சேன். அவ கையைக் கழுவிட்டு வந்து லேப்டாப்பைத் திறந்தா. 'எழுதிடலாங்க சார். பேரைச் சேக்கணும்னா, அவரு இந்த ஆராய்ச்சில என்ன செஞ்சாருன்னு ஒரு வரி கேப்பாங்க. நீங்க சொல்லுங்க சார், அப்படியே அடிக்கறேன்'னா.

'ஐடியா என்னுதுன்னு போடு'ன்னேன்.

'உங்க ஐடியா எலிதானுங்களே சார்.'

'மெஷின் ஏற்பாடுன்னு போடு.'

'அது ஈரோட்டு ஆஸ்பத்திரிதுங்க சார்.'

'சரி, ஆலோசனை. ஆலோசனை சொன்னேன்ல, வெள்ளிக்கிழமைக் கூட்டத்துல?'

'சிரிச்சீங்க சார்'னா. குத்திக் காட்டல தம்பி, குரலே மாறல. டாக்டர்கிட்ட எங்க வலிக்குதுன்னு சொல்ற மாதிரி சொல்றா. அப்புறம் என்னையே பாத்துட்டு, 'சார், அந்தக் கட்டுரையை நீங்க படிச்சீங்களா?'ன்னு கேட்டா.

'படிச்சேன்.'

'கடைசிப் பக்கம் வரைக்குங்களா?'

'ஏன், எனக்குப் படிக்கத் தெரியாதா?'

'இல்லீங்க சார். கடைசிப் பக்கம் படிச்சிருந்தீங்கன்னா, எந்த வரியைப் போடறதுன்னு உங்களுக்கே தெரியுமேன்னு கேட்டேன்.'

நான் எந்திரிச்சுட்டேன். என் மாணவி என்கிட்ட பரிட்சை வைக்கறா. ரெண்டாவது முறுக்குப் பொட்டலத்தைப் பையிலயே வச்சுக்கிட்டேன். அவ ஒண்ணும் நடக்காத மாதிரி தன் கார்லயே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டு, தண்ணி பாட்டில் வாங்கிக் குடுத்துட்டு, 'பாத்துப் போங்க சார். எந்த வரின்னு போன்ல சொல்லுங்க, இன்னைக்கே அனுப்பிடறேன்'னு ஜன்னல் வழியா சொல்லிட்டுப் போறா.

ஓசூர் தாண்டினதும் போன்ல அந்தக் கட்டுரையைத் திறந்தேன். உண்மையைச் சொன்னா என்ன, இன்னைக்குத்தான் முதல் தடவையா படிக்கறேன். ஒன்பது வருஷமா எண்ணிக்கையைத்தான் பாத்தேன், உள்ள போய்ப் பாத்ததில்ல. நல்லா எழுதிருக்கா. அது வேற விஷயம். என்கிட்ட படிச்சவ எப்படி மோசமா எழுதுவா?

கடைசிப் பக்கத்துல, எல்லாம் முடிஞ்சப்புறம், நன்றின்னு சின்ன எழுத்துல ஒரு பத்தி போடுவாங்க. யாரும் படிக்க மாட்டாங்க அதை. ஆஸ்பத்திரிக்கு நன்றி, தலையைக் குடுத்த ஜனங்களுக்கு நன்றி. கடைசில என் பேரு. 'என் தந்தையின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்த என் நெறியாளர் பேராசிரியர் ஞானசுந்தரம் அவர்களுக்கு நன்றி. அன்று மதியம் மின்சாரம் நின்று, தெருவில் எல்லாத் தறியும் ஓய்ந்தபோது, எங்கள் வீட்டில் இருந்த அனைவரும் விழித்துக்கொண்டோம். அவர் ஒருவர் மட்டும் உறங்கிப் போனார். இந்த ஆய்வின் கேள்வி எனக்கு அங்கேதான் கிடைத்தது.' இங்கிலீஷ்ல இருக்கு, நான் தமிழ்ல சொல்றேன்.

எனக்கு ஞாபகமே இல்ல தம்பி. கண்ணை மூடி யோசிச்சேன். அவ அப்பா நாச்சிமுத்து போனது அவ சேந்த ரெண்டாவது வருஷம், அது தெரியும். நான் அங்க போனது மறந்தே போச்சு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சு. திருச்சில இருந்து விடிகாலைல பஸ் ஏறினேன். நான் மட்டும்தான் போனேன். டிபார்ட்மென்ட்டுல வேற யாரும் வரலன்னுட்டாங்க. அவ அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'இவ படிப்பை நிறுத்திடாதீங்க சாமி'ன்னு அழுதாங்க. 'நான் இருக்கேம்மா'ன்னேன். அப்படிச் சொன்னேன். சாப்பிட்டுட்டு ஒரு பாய்ல படுத்தேன். அவங்க வீட்டுத் தறி நின்னுபோச்சு, ஆனா ரெண்டு பக்கத்து வீட்லயும் ஓடுது, தெரு பூரா ஓடுது. மண்டை பிளந்துடும் போல சத்தம். அந்த வீட்டு ஜனங்க பதினாறு நாள் அழுத களைப்புல அந்தச் சத்தத்துலயே அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறாங்க, நான் புரண்டுக்கிட்டுக் கிடக்கேன். அப்ப கரண்ட்டு போயிருக்கு. அவங்க அத்தனை பேரும் பதறி எந்திரிச்சிருக்காங்க. நான் அப்பாடான்னு தூங்கியிருக்கேன்.

குறட்டை விட்டேனான்னு தெரியல. நல்லவேளை, அதை எழுதல.

அந்த இடத்தைப் படிச்சுட்டுப் போனை மடில கவுத்து வச்சுட்டேன், சொன்னா என்ன. தண்ணியைக் குடிச்சுட்டு வெளியே பாத்துக்கிட்டு வந்தேன். நீங்க அப்ப தூங்கிட்டிருந்தீங்க. ஒரு மனுஷனைப் பத்தி அப்படி எழுதி வச்சிருக்கா, அதுவும் அவன் சிரிச்ச சிரிப்புக்கு அப்புறம். ஆனா பாருங்க, என்ன பிரயோஜனம்? நன்றிக்குக் கணக்கு கிடையாது தம்பி. நன்றில இருக்கற பேரை எந்தக் கம்ப்யூட்டரும் எண்ணாது. ஆயிரத்து எண்ணூறு பேரு படிச்சுட்டாங்க, நான் தூங்கினதை. அந்த மலையாளத்துப் பையன் எதுக்குச் சிரிச்சான்னு இப்பத்தான் தெரியுது. உலகத்துக்கே நான் தூங்கினது தெரிஞ்சிருக்கு, எனக்கு ஒரு நம்பர் ஏறல. அந்த ஜப்பான்காரன் இன்னும் ஒரு பக்கம் தள்ளிப் பாத்திருக்கக் கூடாதா?

தர்மபுரி வர்றதுக்கு முன்னாடி அவளுக்கு மெசேஜ் போட்டேன். 'கடைசிப் பக்கம் மறுபடியும் படித்தேன்'னு போட்டேன். மறுபடியும்னுதான் போட்டேன், அவளுக்கு எப்படித் தெரியும்? 'ஆய்வின் தொடக்கத்தில் உடனிருந்து ஆலோசனை வழங்கினார்'னு எழுதி அனுப்பிடுன்னேன். கௌரவமா இருக்கும்ல? பொய்யும் கிடையாது. உடனே பதில் வந்துச்சு. இதோ, நீங்களே படிங்க. கண்ணாடி வேணுமா? நான் படிக்கறேன்.

'சார், நீங்க அன்னிக்கு முழிச்சிருந்தா இந்தக் கட்டுரையே வந்திருக்காது. அதை விடப் பெரிய பங்கு வேற இல்லீங்க சார். அவர் உறங்கினார், அதிலிருந்து கேள்வி பிறந்ததுன்னு எழுதறேன். ஏத்துக்குவாங்களான்னு தெரியாது, ஆனா உண்மையை எழுதிக் கேக்கறேன். சம்மதம்னா சொல்லுங்க, இப்பவே அனுப்பிட்டு நகல் உங்களுக்குப் போடறேன். அம்மா உங்களைக் கேட்டதாச் சொல்லச் சொன்னாங்க.'

கேலி பண்றாளான்னு பாத்தேன். அவளுக்குக் கேலி வராது தம்பி, அஞ்சு வருஷம் பாத்திருக்கேன். நிஜமாத்தான் சொல்றா. அதுதான் எனக்கு எரியுது. கேலின்னா திட்டிட்டுப் போயிடலாம்.

இப்ப என்ன பண்ணலாம், சொல்லுங்க? வேண்டாம்னா நூத்திப் பத்தொம்பதோட போய் நாளைக்குக் கை கட்டி நிக்கணும். மாசக் கடைசில சாவி. சரின்னா, இருநூத்திப் பதினோரு கட்டுரை எழுதின பேராசிரியர் ஒரு சாவு வீட்டுல தூங்கினாருன்னு பத்திரிகைல திருத்தமாப் போடுவான். துணைவேந்தர் படிப்பாரு. கமிட்டில ஏழு பேரு படிப்பாங்க.

என்ன, நீங்களும் சிரிக்கறீங்க. சிரிங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் தம்பி, நான் அப்பவே 'சரி'ன்னு போட்டுட்டேன். அனுப்பிட்டேங்க சார்னு நகலோட பதிலும் வந்துடுச்சு, நகலை இன்னும் திறந்து பாக்கல.

ஒண்ணு மட்டும் கேக்க மறந்துட்டேன். பேரை எங்க போடச் சொல்லி எழுதினாளோ தெரியல. தூங்கினவனா இருந்தா என்ன, கைடு கைடுதானே? கடைசிலதான் வரணும்.